கியர் உபயம்

காமினிக்கு நாற்பத்து நான்கு வயது. ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால், ஜபருல்லாவின் டயர் கடையை ஒட்டி, ஒரு காடி, அதான் கார், நுழைந்தால் மூச்சு முட்டும் இடத்தில் அவள் தொழில் நடக்கிறது. ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். பிக்கப் வண்டிகளின் ஆட்டோ கியரைத் திருத்திக் கொடுப்பது அவள் வேலை. எந்த வேகத்தில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற வேண்டும், மேடேறும்போது எதுவரை இரண்டைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், மாறும்போது எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதெல்லாம் வண்டிக்குள் ஒரு சின்னப் பெட்டியில் எண்களாக இருக்கின்றன. காமினி ஒரு வயரைச் செருகி அந்த எண்களை மாற்றுவாள். இந்தத் தீவிலும் சரி, கடல் தாண்டி அக்கரையிலும் சரி, இதை அவள் அளவுக்குச் சுத்தமாகச் செய்கிற இன்னோர் ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்!

ஆனாலும் தமிழர்கள் யாரும் அவளிடம் வண்டி விடுவதில்லை. அவளிடம் வருகிறவர்கள் கெப்பாலா பத்தாஸ் பக்கத்து மலாய் விவசாயிகளும், பாலிக் புலாவ் சீனத் தோட்டக்காரர்களும்தான். நம்மவர்கள் அவள் பெயரைக் கேட்டாலே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் மேல் ஏவிவிட்டவன் பெயர் மோகனராஜ்.

காமினியின் அப்பா பஸ் ஓட்டினார். அவள் படிப்பு முடிந்ததும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து பதினொரு வருடம் சர்க்யூட் பலகைகளைச் சோதித்தாள். ஆட்குறைப்பில் வேலை போனபோது கையில் இருந்தது அந்தப் படிப்பும், எண்களைப் பார்த்தால் சலிக்காத கண்ணும்தான். மோகனராஜ் அப்போது ஜெலுத்தோங் ரோட்டில் ஒரு பட்டறை வைத்திருந்தான், அங்கே சேர்ந்தாள். வாய் சாமர்த்தியம் அவனுடையது, வேலை இவளுடையது. "நம்ம பட்டறைக்கு மூளை இந்தப் புள்ளதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அவளும் அதை நம்பி, ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தாள். பைத்தியக்காரி!

ஏழு வருடத்துக்கு முன்னால், துரியான் பழம் ஏற்றிக்கொண்டு தெலுக் பாஹாங் மேடு ஏறிய ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், பிக்கப் பாதி வழியில் கியர் கருகி நின்றது. தவுக்கே ஆட்களோடு வந்து பட்டறை வாசலில் கத்தினார். காமினி வண்டிக்கு அடியில் படுத்து, சொட்டிக்கொண்டிருந்த ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தாள். அது அந்தக் கியருக்கு உரிய ஆயிலே இல்லை. மோகனராஜ் காசை மிச்சம் பிடிக்க ஏதோ பழைய டிரம்மில் கிடந்ததை ஊற்றியிருந்தான்.

எழுந்து வந்து அவனிடம் மெதுவாகச் சொன்னாள். அவன் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"காமினி, நான் ஊத்துனேன்னு தெரிஞ்சா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பாயிருச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிரு. பொம்பளப் புள்ளன்னு விட்டுருவாங்க. அப்புறம் நானே தவுக்கேகிட்ட தனியா உண்மையைச் சொல்லிருறேன். என் புள்ளைங்க மேல சத்தியம்லா."

அவள் நடுரோட்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். "சாரி தவுக்கே, என் தப்புதான்" என்றாள். பக்கத்தில் நின்று அதை ஃபோனில் பிடித்தது யார் தெரியுமா? சத்தியம் பண்ணினானே, அவனேதான். மறுநாளே அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த வாரம் அவளை வேலையை விட்டு நிறுத்தினான். அதற்கடுத்த வாரம், அவள் கும்பிட்டு நிற்கிற படத்தை வெட்டி, கீழே "சாரி, கியர் போச்சு" என்று எழுதி யாரோ வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் ஆக்கினார்கள். குழம்பில் உப்பு கூடினாலும் அந்த ஸ்டிக்கர், பந்து கோலுக்கு வெளியே போனாலும் அந்த ஸ்டிக்கர். அவள் கணவன் வேலுவின் சொந்தத் தம்பியே தெரியாத்தனமாகக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு அழித்தான். மகள் சுபாஷினி ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல், "மா, நீங்க ஏன்மா கும்பிட்டீங்க?" என்று கேட்டாள். காமினி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து அவள் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. வேலு, "விட்டுத்தொலை, அவன் நாசமாப் போவான்" என்பான். எங்கே போனான்? புதுக் கடை, புது பிக்கப், கழுத்தில் சங்கிலி என்று வளர்ந்தான். டத்தோ கிராமாட்டில் சந்துக்குள் இருக்கும் அம்மன் கோயிலுக்கு வருடா வருடம் தேர் இழுக்க அவன் வண்டிதான். தேர் என்றால் காளை பூட்டியது அல்ல. சக்கரம் வைத்த மேடையில் அம்மன் உட்கார்ந்திருப்பாள், அதைக் கொக்கி மாட்டி பிக்கப் இழுக்கும். அடுத்த மாதம் கோயில் தலைவர் தேர்தலிலும் அவன் நிற்பதாகப் பேச்சு. காமினி அந்தக் கோயில் பக்கமே போவதை நிறுத்தியிருந்தாள்.

இந்த வருடம் தேருக்கு மூன்று நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை, கோயில் செயலாளர் சுப்பையா அவள் வாசலில் வந்து நின்றார். பின்னால் மோகனராஜின் வெள்ளை பிக்கப், பாதி ஜோடனையோடு நின்றது. மூன்று நாள் முன்பே வண்டியைக் கோயிலில் விட்டுவிட வேண்டும், வாழை கட்டி விளக்குப் போடுவார்கள். அந்தச் சமயம் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மோகனுக்குத் தெரியாதும்மா. கொக்கி வெல்டிங் பண்ணப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். "போன வருசம் நீ வரல. ஒவ்வொரு தடவையும் நின்னு கெளம்பும்போது டங்கு டங்குன்னு ஒரே குலுக்கல். ஆத்தா கிரீடம் நழுவி விழுந்துருச்சு. குருக்கள் தாவிப் பிடிச்சதுல கை முறிஞ்சு போச்சு. சனமெல்லாம் அபசகுனம்னு பேசுது. எல்லில, அதான் லோ கியர்ல, போட்டு ஓட்டியும் பார்த்தாச்சு, குலுக்கல் நிக்கல. மோகன் ஆளுங்களால ஒண்ணும் முடியல."

"என்கிட்ட ஏன் வந்தீங்க? நான் தொட்டா கியர் போயிருமே!"

சுப்பையா தலையைச் சொறிந்தார். "கெப்பாலா பத்தாஸ்ல என் மச்சான் நெல் ஏத்துற பிக்கப்பு நீ பண்ணதாமே. வெண்ணெய் மாதிரி ஓடுதுன்னு சொன்னான். நானும் அந்த ஸ்டிக்கரை அனுப்பினவன்தாம்மா. தப்புதான், மன்னிச்சுரு."

முகத்துக்கு நேரே அப்படிச் சொன்ன மனிதரை அவளால் விரட்ட முடியவில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.

வயரைச் செருகி, கியர் பெட்டிக்குள் இருந்ததைத் திரையில் கொண்டுவந்தாள். பெயர்க் கட்டத்தில் "காமினி 7 துரியான்" என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த தவுக்கேயின் வண்டிக்காக அவள் உட்கார்ந்து ஏழு முறை திருத்தி எழுதிய அதே எண்கள். பாரத்தோடு மலை ஏறும் வண்டிக்கு என்று கியர் அழுத்தத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அதை அப்படியே பிரதி எடுத்துத் தன் வண்டியில் ஏற்றியிருக்கிறான்! நடை வேகத்தில் நின்று நின்று போகும் தேருக்கு அது குலுக்காமல் என்ன செய்யும்? இவள் தொட்டால் கியர் கருகும் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, இவள் எழுதியதையே தன் வண்டியில் போட்டுக்கொண்டு திரிகிறான். இன்னும் எத்தனை பேருக்குத் தன் வேலை என்று விற்றானோ. பெயரை அழிக்கக்கூடத் தெரியவில்லை, படுபாவிக்கு!

அவள் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் வேகத்தை ஆறு கிலோமீட்டருக்கு இறக்கினாள். திரும்ப ஒன்றுக்கு இறங்குவதை ஐந்தில் வைத்தாள். அழுத்தத்தை இன்னும் ஏற்றினாள். இப்படி விட்டால் தேர் நகரும் வேகத்தில் கியர் மேலும் கீழும் ஓயாமல் மாறும். ஆயில் கொதிக்கும். சரியாக டத்தோ கிராமாட் ரோடு முனையில், ஊர் முழுக்கக் கூடியிருக்கும் இடத்தில், வண்டி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் நிலைக்குப் போய் மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். அம்மன் ஏறிய தேர் பின்னால் போகக்கூடாது, வண்டியை மாற்றவும் கூடாது. மோகனராஜ் நடுரோட்டில் நிற்பான். எல்லாரும் ஃபோனைத் தூக்குவார்கள். அந்தக் காட்சியை நினைத்தபோது காமினிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை, அத்தனை சந்தோஷம்.

எழுதியும் முடித்துவிட்டாள். வண்டிக்குள் ஏற்ற ஒரே ஒரு அழுத்தல்தான் பாக்கி. அப்போதுதான் தேருக்கு முன்னால் தேங்காய் உடைப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குவித்து வைத்து உடைப்பார்கள். உடைத்த கையோடு கிழவிகளும் பிள்ளைகளும் பம்பருக்கு அடியில் குனிந்து சில்லுப் பொறுக்குவார்கள். அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு முழம் எகிறிக் குதித்தால் என்ன ஆகும்? மோகனராஜ் சாகட்டும், அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. சில்லுப் பொறுக்குகிறவள் ஏன் சாக வேண்டும்? அடித்துப் போட்டதுபோல நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு எழுதியதை அழித்தாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாக எழுதினாள். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம் தாண்டாமல் இரண்டாம் கியர் வராது. கிளம்பும்போது அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும். ஜபருல்லா உரிய ஆயிலை மாற்றிக் கொடுத்தார். பின்னால் தண்ணீர் டிரம் வைத்து மூடியில்லாத ஒரு வாளியையும் நிறைத்து, சந்தை ரோட்டில் நின்று நின்று ஓட்டிப் பார்த்தாள். வாளித் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை.

புதன்கிழமை வண்டி எடுக்க வந்த சுப்பையா, கூலி எவ்வளவு வெள்ளி என்று கேட்டார்.

"ஒரு காசு வேணாம் அண்ணே. இது என் உபயம். உபயக்காரங்க பேரை மைக்ல சொல்லுவீங்கள்ல? தேர் நிக்கிற ஒவ்வொரு எடத்துலயும் என் பேரைச் சொல்லணும். முன் சீட்ல லேப்டாப்போட நான் உட்காருவேன், ஆயில் சூடு பார்க்கணும். அவன்கிட்ட முன்கூட்டியே சொல்லக்கூடாது."

கிரீடம் விழுந்தது சுப்பையாவின் கண்ணுக்குள்ளேயே நின்றது போலிருக்கிறது. "உபயக்காரங்க உட்காரலாம். அது முறைதான்" என்றார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. அம்மனைத் தேரில் ஏற்றித் தீபம் காட்டியாயிற்று. பட்டு வேட்டியும் சங்கிலியுமாக வந்து கதவைத் திறந்த மோகனராஜ், முன் சீட்டில் மடியில் லேப்டாப்போடு இருந்த காமினியைப் பார்த்து அப்படியே நின்றான்.

"இவ எதுக்கு இங்க?"

பதில் மைக்கில் வந்தது. "இவ்வாண்டு தேர் வண்டியின் கியரைச் சீர்செய்து கொடுத்த உபயம், ஜெலுத்தோங் திருமதி காமினி வேலு குடும்பத்தார்!" கூட்டத்தில் ஒரு கசமுசா, ஒரு சிரிப்பு. மோகனராஜின் காது சிவந்தது. அங்கேயே சண்டை போடலாம் என்றால் அம்மன் ஏறிவிட்டாள், மேளம் தொடங்கிவிட்டது, தலைவர் ஆகப் போகிறவன் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

வண்டி கிளம்பியது. குலுக்கல் இல்லை. பின்னால் குருக்கள் "ஆகா" என்றது முன் சீட் வரை கேட்டது.

பத்தடிக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு குவியல் தேங்காய். வண்டி நின்றபோதெல்லாம், பக்கத்தில் மைக்கோடு நடந்து வந்த சுப்பையா விடாமல் அறிவித்தார். மூன்றாவது தடவை மோகனராஜ் ஸ்டியரிங்கைக் குத்தினான். ஏழாவது தடவை சன்னல் கண்ணாடியை ஏற்றினான், ஒலிபெருக்கி அவன் வண்டியின் கூரை மேலேயே கட்டியிருந்ததால் பிரயோசனம் இல்லை. ஒவ்வொரு அறிவிப்பும் காமினிக்குத் தேனாக இனித்தது. ஆனால் போதவில்லை. பெயர் மட்டும் சொன்னால் ஆயிற்றா? செய்தது அவன் என்று அவன் வாய் சொல்ல வேண்டும்.

ரோடு முனை வந்தது. எதிரே ஊரே கூடியிருந்தது, ஆளுயரத்துக்குத் தேங்காய்க் குவியல். வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ஆயில் சூட்டைப் பார்க்கக் காமினி லேப்டாப்பைத் திருப்பி விசை மேல் விரலை வைத்தாள். மோகனராஜ் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"ஏய், என்ன பண்ணப் போற? இங்க வச்சு வண்டியை நிப்பாட்டப் போறியா?"

அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. காமினி அவனை வியப்போடு பார்த்தாள். ஓடுகிற வண்டியில் ஒரு எண்ணைக்கூட மாற்ற முடியாது. பார்க்கலாம், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் அது. அடப்பாவி, ஏழு வருடமாக ட்யூனிங் ராஜா என்று போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறானே, இவனுக்கு இதுகூடத் தெரியாதா!

அவள் விரலை எடுக்கவில்லை.

"துரியான் தவுக்கே காடிக்கு என்ன ஆயில் ஊத்துன? மைக்ல சொல்லு."

"காமினி, பழசையெல்லாம் ஏன்..."

"நான் நடுரோட்டுல நின்னு சொன்னேன். நீயும் நடுரோட்டுல நின்னு சொல்லு. இல்லன்னா அமுக்கிருவேன். அப்புறம் ஆத்தாவை நீயே தோள்ல தூக்கிட்டுப் போ."

"எவ்வளவு வேணும்னாலும் தர்றேன்."

"மைக்கு, மோகன்."

வண்டி குவியலுக்கு முன்னால் நின்றது, என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண்ணாடி வழியாகப் பின்னால் அம்மனைப் பார்த்தான், முன்னால் கூட்டத்தைப் பார்த்தான், அவள் விரலைப் பார்த்தான். சன்னல் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினான். ஏதோ அறிவிக்கப் போகிறான் என்று நினைத்து சுப்பையா மைக்கைக் கொடுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்." என்றான் மோகனராஜ். "ஏழு வருசத்துக்கு முன்னால ஒரு தவுக்கே காடி கியர் போச்சுல்ல... அது காமினி தப்பு இல்ல. நான்தான் தப்பான ஆயில் ஊத்துனேன். அந்தப் புள்ளைய சாரி சொல்லச் சொன்னதும் நான்தான். வீடியோ எடுத்ததும் நான்தான்."

மேளம் நின்றுவிட்டது. பிறகு முன்வரிசையில் ஒரு பெண், "த்தூ, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று கத்தினாள். எங்கு பார்த்தாலும் ஃபோன்கள் உயர்ந்தன. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சுபாஷினி அம்மாவையே பார்த்தாள், அவள் கன்னம் நனைந்திருந்தது. காமினிக்கு நெஞ்சு நிறைந்து வலித்தது. அழக்கூடாது, இவன் முன்னால் அழவே கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மோகனராஜ் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தான். "சொல்லிட்டேன்ல. இப்பவாச்சும் கையை எடு."

காமினி லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"ஓடுற வண்டியில ஒண்ணும் எழுத முடியாது மோகன் அண்ணே. என்ஜினை அடைச்சு, வண்டி நின்னாத்தான் எழுதலாம். ட்யூன் பண்றவங்க எல்லாருக்கும் தெரியும்."

அவன் வாய் திறந்தது. அதற்குள் தேங்காய்கள் சடசடவென்று உடைந்து முடிந்து, சில்லுப் பொறுக்கியவர்கள் விலகி, குருக்கள் மணியடித்தார். இன்னும் நாற்பது வாசல் பாக்கி இருந்தது.

"ஓட்டுங்க" என்றாள் காமினி. "குலுக்காது. நான் பண்ண வேலை."